ஐந்து கேள்வி, ஓர் உடற்படம்: கர்ப்பிணியிடம் வீட்டு வன்முறை பற்றிக் கேட்க ஏஏஎஸ் எந்தளவுக்கு உதவும்?

கணவன் அடிக்கிறானா என்று கர்ப்பிணித் தாயிடம் கேட்பதற்கென்று ஒரு டசினுக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்கள் புழக்கத்தில் இருக்கின்றன. பல வைத்தியர்களுக்காக எழுதப்பட்டவை, சில ஆய்வாளர்களுக்காக. மருத்துவமாது ஒருவர் பைக்குள் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கும் வீட்டுக்கும் போகக்கூடியது எது என்று கேட்டால், 1992இல் வெளிவந்த ஏஏஎஸ் என்பதுதான் இன்னமும் எங்கள் பதில். குறை இல்லாத சாமான் என்று சொல்ல வரவில்லை. முதற் கேள்வி கிட்டத்தட்ட வீண். கழுத்து நெரிப்பைப் பெயர் சொல்லிக் கேட்காதது பெரிய ஓட்டை. அப்படியிருந்தும், கர்ப்பகாலத்துக்கென்றே ஒரு கேள்வி, அடி எங்கே விழுந்தது என்று காட்ட ஒரு படம், ஆர் அடித்தது என்று எழுத ஒரு வரி, மூன்றும் ஒரே தாளில் இருப்பதால் மற்றவற்றை முந்திவிடுகிறது.

அப்யூஸ் அசெஸ்மென்ட் ஸ்கிரீன் என்ற பெயரின் சுருக்கம்தான் ஏஏஎஸ். ஜூடித் மெக்ஃபார்லேனும் அவருடைய சக தாதியர் ஆய்வாளர்களும் ஆக்கியது. அமெரிக்காவின் ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களில் அரச கர்ப்பகாலக் கிளினிக்குகளுக்கு வந்த 691 பெண்களிடம் கேட்டு முடிவை வெளியிட்டார்கள். 17 வீதமானோர், அதாவது ஆறு பேரில் ஒருவர், அந்தக் கர்ப்பத்தின்போதே உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் 60 வீதமானோருக்கு அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. இன்னொரு தரவு மருத்துவமாதுக்கு நேரடியாகவே பயன்படும்: அடிபட்ட பெண்கள் கடைசி மும்மாதத்தில்தான் முதன்முதலாகக் கிளினிக்குக்கு வரும் சாத்தியம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. பிந்திப் பதிந்த தாயை "பொறுப்பில்லாதவ" என்று பேசி அனுப்புமுன் இதை ஒருக்கால் நினைத்துப் பார்க்கலாம்.

விலை இல்லை. ஒரு தாள், இரண்டு பக்கம். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் மூன்று நிமிடத்தில் முடியும். "ஓம்" என்று வந்தால் அரை மணி நேரமாவது வேண்டும். அந்த அரை மணி நேரம் கையில் இல்லாத நாளில் தாளை எடுக்கவே கூடாது.

இலங்கையை மனதில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம். குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் பொதுச் சுகாதார மருத்துவமாது வீடு தேடிப் போகிறவர். கர்ப்பம் பதிவதிலிருந்து பிள்ளைக்கு ஊசி போடுவது வரை ஒரே ஆளாக நிற்கிறவர். பொலிஸுக்கோ சட்டத்தரணிக்கோ இல்லாத இடம் அது. 2019ஆம் ஆண்டின் பெண்களின் நல்வாழ்வுக் கணிப்பின்படி, இலங்கையில் துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர். ஒரு கிளினிக் நாளில் வாங்கில் இருக்கும் தாய்மாரை எண்ணிப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

கேள்வி ஒவ்வொன்றாக

முதற் கேள்வி: உங்கள் துணைவரோ உங்களுக்கு முக்கியமான வேறு யாருமோ எப்போதாவது உங்களை மனரீதியாகவோ உடல்ரீதியாகவோ துன்புறுத்தியதுண்டா? தாளிலேயே பலவீனமான இடம் இதுதான். "எப்போதாவது" என்பதால் பத்து வயதில் தகப்பன் அடித்ததும் இதற்குள் வந்து விழும். அதைவிடப் பெரிய சிக்கல், தான் துன்புறுத்தப்படுகிறவள் என்று அந்தப் பெண் தானே முடிவு செய்து சொல்லவேண்டியிருப்பது. கிழமைக்கு ஒருக்கால் அறை வாங்கும் பெண்கூட, "அப்பிடி ஒண்டும் இல்லை மிஸ், கோவம் வந்தா மட்டும் கை நீட்டுவார்" என்றுதான் சொல்லுவார். விடையை "இல்லை" என்று குறித்துவிட்டுப் போனால் ஆளைத் தவறவிட்டாயிற்று. நல்ல வேளையாக, பாசிட்டிவ், அதாவது வன்முறை உண்டு, என்று முடிவு கட்ட ஏஏஎஸ் இந்தக் கேள்வியை எண்ணுவதில்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றில் ஒன்றுக்கேனும் "ஓம்" என்பதே அளவுகோல். ஆகவே இதைக் கதை தொடங்கும் வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் உருவான வாஸ்ட் என்ற தாள், உறவில் எவ்வளவு இறுக்கம், வாக்குவாதம் வந்தால் தீர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்றுதான் தொடங்கும். "வீட்டில சண்டை வந்தா எப்பிடி முடியும்?" என்ற ஒரு வரி அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது: கடந்த ஒரு வருடத்துக்குள் யாராவது உங்களை அடித்தோ, அறைந்தோ, உதைத்தோ, வேறு விதமாக உடம்பை நோகப்பண்ணியோ இருக்கிறார்களா? மூன்றாவது: கர்ப்பமான பிறகு அப்படி நடந்ததா? இந்த இரண்டும்தான் தாளின் முதுகெலும்பு. ஆளுக்குப் பெயர் சூட்டாமல் செயலைக் கேட்பதால் வேலை செய்கின்றன. யாழ்ப்பாணப் பக்கத்தில் வாயால் கேட்கும்போது, "இந்த ஒரு வருசத்துக்குள்ள ஆராவது உங்களுக்கு அடிச்சது, உதைச்சது, தள்ளி விழுத்தினது எண்டு ஏதும் நடந்ததோ? பிள்ளை தங்கினாப் பிறகு?" என்று இரண்டையும் கோத்துக் கேட்கலாம், குறிக்கும்போது மட்டும் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். தலைமயிரைப் பிடித்து இழுப்பது, சுடுதண்ணி ஊற்றுவது, சிகரெட்டால் சுடுவது எல்லாம் "வேறு விதமாக" என்ற வாலுக்குள் அடங்கும் என்று ஆக்கியவர்கள் எண்ணியிருக்கலாம். கேட்கிறவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் பதில் சொல்கிறவருக்கு அது எட்டாது.

கழுத்து நெரிப்பு விடயத்தில் இது வெறும் குறையல்ல, ஆபத்து. நெரிபட்டவரின் கழுத்தில் பெரும்பாலும் வெளியே ஒரு தடமும் இருக்காது. குரல் கம்முவது, விழுங்க நோவது, கண்வெள்ளையில் புள்ளி புள்ளியாக இரத்தக் கசிவு, அந்த நேரம் "கண் இருட்டிக்கொண்டு வந்தது" என்ற நினைவு, தன்னையறியாமல் சிறுநீர் போனது, இவற்றைத்தான் தேடவேண்டும். அண்மையில் நெரிபட்டதாகச் சொன்னால் அன்றைக்கே வைத்தியசாலை. வெளியில் சுகமாக இருப்பவருக்கும் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, நாட்கள் கழித்துப் பாரிசவாதம் வரலாம். எனவே இரண்டாம் மூன்றாம் கேள்விகளில் "கழுத்தைப் பிடிச்சது" என்பதைக் கையாலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். எங்கள் பார்வையில் இந்தத் திருத்தம் செய்யாத பிரதியைப் பாவிக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு "ஓம்"இன் கீழும் "யாரால்?" "எத்தனை தடவை?" என்று இரண்டு வரி வரும். தடவை எண்ணிக்கையால் பெரிய பயனில்லை. ஒருத்தரும் எண்ணிக்கொண்டு அடி வாங்குவதில்லை. கிழமைக்கா, மாதத்துக்கா, குடித்துவிட்டு வரும் நாளிலா, சம்பள நாளிலா என்று கேட்டால் சரியான படம் கிடைக்கும். "யாரால்" என்ற வரியோ தங்கம். துணைவரை மட்டும் கேட்கும் தாள்கள் மாமியாரையும் மச்சானையும் தவறவிடும். கணவன் மத்தியகிழக்கில் வேலைக்குப் போயிருக்க, கர்ப்பிணி புகுந்த வீட்டில் இருக்கும் குடும்பங்களில் அடி அங்கிருந்துதான் வரும். துணைவர், முன்னாள் துணைவர், வேற்றாள் என்று ஆங்கிலத் தாளில் இருக்கும் பட்டியலை அப்படியே பெயர்க்காமல் மாமி, மாமா, மச்சான், தமையன் என்று சேர்த்துக்கொள்ளவேண்டும். மாதாந்த அறிக்கைக்கு மட்டும் துணைவர் கணக்கைப் புறம்பாக வைத்திருங்கள். இரண்டையும் கலந்தால் எண்ணிக்கை எதையும் சொல்லாது.

நான்காவது: கடந்த ஒரு வருடத்தில் யாராவது உங்களைப் பாலியல் செயலுக்குப் பலவந்தப்படுத்தினார்களா? கேட்கிறவருக்கே நாக்குத் தடுமாறும் கேள்வி. கேட்டவுடன் "அவர் என்ர மனுசன்தானே மிஸ்" என்ற பதில் வந்தால் வியப்பில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையே நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட தம்பதியரைத் தவிர மற்றவர்களின் விடயத்தில் அதை வல்லுறவாகக் கொள்வதில்லை. ஆனால் மருத்துவமாதுக்கு இங்கே வேண்டியது குற்றமா இல்லையா என்பதல்ல. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, சேரவேண்டாம் என்று வைத்தியர் சொல்லியும் கணவன் விடுவதில்லை என்றால் அது இரத்தப்போக்கு ஆபத்து. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிற தாயிடமும் இதைக் கேட்கவேண்டும். "உங்களுக்கு ஏலாத நேரம், விருப்பமில்லாத நேரம் வற்புறுத்துறவரோ?" என்று உடல்நிலையோடு சேர்த்துக் கேட்டால் பதில் வருவது சுலபம்.

ஐந்தாவது, பயம்: துணைவருக்கோ மேலே சொன்ன ஆட்களுக்கோ பயப்படுகிறீர்களா? கடைசியில் ஒட்டிவைத்தது போலத் தெரிந்தாலும் இது கெட்டிக்காரக் கேள்வி. அடி நின்று வருடக்கணக்காகியும் பயம் மட்டும் வீட்டை ஆளுகிற குடும்பங்கள் உண்டு. மற்ற நான்கும் "இல்லை" ஆகி இது மட்டும் "ஓம்" ஆனால், அளவுகோல் என்ன சொன்னாலும் அதைப் பாசிட்டிவாகவே எடுங்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுகாதாரத் துறை 2000களின் தொடக்கத்திலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்டுவரும் கேள்விகளில் அடியும் பயமும்தான் முதல் இரண்டு. அதற்குப் பிறகு அங்கே வருகிற "இங்கிருந்து வீட்டுக்குப் போவது உங்களுக்குப் பாதுகாப்பா?" என்ற கேள்வி ஏஏஎஸ்ஸில் இல்லை. இரவல் வாங்கிச் சேர்த்துக்கொள்ளவேண்டிய வரி.

உடற்படமும் புள்ளியும்

மூன்றாம் கேள்விக்கு "ஓம்" என்றால், முன்பக்கமும் பின்பக்கமுமாக வரைந்த பெண் உருவத்தில் காயம் பட்ட இடத்தைக் குறிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட பல்நாட்டு ஆய்வில், கர்ப்பகாலத்தில் அடிபட்ட பெண்களின் வீதம் ஜப்பானிய நகரத்தில் 1 ஆகவும் பெருவின் மாகாணப் பகுதியில் 28 ஆகவும் இருந்தது. பெரும்பாலான இடங்களில், அப்படி அடிபட்டவர்களில் கால்வாசி முதல் அரைவாசிப் பேருக்கு வயிற்றிலேயே குத்தோ உதையோ விழுந்திருந்தது. வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர் விரலால் காட்டுவார் என்பது படத்தின் முதல் பயன். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினால் உடனே செய்யவேண்டிய வைத்திய வேலை இருக்கிறது என்பது இரண்டாவது.

அந்த வேலை இது. 20 கிழமைக்கு மேற்பட்ட கர்ப்பத்தில் அண்மையில் வயிற்றில் அடி விழுந்திருந்தால், இரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். நஞ்சுக்கொடி பிரிவது வெளியே இரத்தம் காட்டாமலும் நடக்கும். ஆகவேதான் சிசுவின் இதயத்துடிப்பையும் கருப்பைச் சுருக்கத்தையும் குறைந்தது நான்கு மணி நேரமாவது தொடர்ந்து பார்ப்பார்கள். வயிறு கல்லுப்போல இறுகியிருப்பது, விடாத நோ, பிள்ளையின் அசைவு குறைந்தது ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். தாயின் இரத்தவகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அன்டி-டி ஊசி. அனுப்பும் துண்டில் "விழுந்ததாகச் சொல்கிறார்" என்று மட்டும் எழுதினால் அங்கே இருப்பவர்களும் விழுந்ததற்குத்தான் பார்ப்பார்கள். தாயின் சம்மதத்தோடு காரணத்தை வைத்தியரிடம் நேரே சொல்லிவிடுவது நல்லது.

படத்தோடு 1 முதல் 6 வரை ஒரு புள்ளி அளவும் இருக்கிறது. பயமுறுத்தல், ஆயுதம் காட்டி வெருட்டுவது உட்பட, 1. அறைதல், தள்ளுதல், நீடித்த நோ இல்லை: 2. குத்து, உதை, கண்டல், வெட்டு: 3. கடும் அடி, எரிகாயம், எலும்பு முறிவு: 4. தலை அல்லது உள்ளுறுப்புக் காயம், நிரந்தரப் பாதிப்பு: 5. ஆயுதத்தால் காயம்: 6. ஒரு சம்பவத்துக்கு இரண்டு பொருந்தினால் பெரிய எண்ணைப் போடவேண்டும்.

கவனமில்லாதவரை இந்த அளவு சறுக்கி விழுத்தும். இது நடந்த காயத்தை அளக்கிறது. வரப்போகும் ஆபத்தை அல்ல. கழுத்தில் கத்தியை வைத்து "கொன்றுபோடுவன்" என்றவனுக்கு இங்கே 1 தான். ஓர் அறை அறைந்தவனுக்கு 2. இந்த எண்ணைப் பார்த்து ஆரை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்தினால் வரிசை தலைகீழாகப் போகும். ஆபத்தை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் 2014ஆம் ஆண்டுக் கைநூலில் உள்ள ஆறு கேள்விகளைப் பின்பக்கத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்: கடந்த ஆறு மாதத்தில் அடி கூடியதா, கடுமையானதா? ஆயுதம் எடுத்தாரா, காட்டி வெருட்டினாரா? கழுத்தை நெரிக்கப் பார்த்தாரா? உங்களைக் கொல்லக்கூடியவர் என்று நினைக்கிறீர்களா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? ஓயாத, மூர்க்கமான சந்தேகமா? மூன்றுக்கு "ஓம்" என்றால் உடனடி ஆபத்து அதிகம். ஏஏஎஸ்ஸின் மூன்றாம் கேள்விக்கு "ஓம்" என்ற தாய்க்கு இந்த ஆறில் ஐந்தாவது கேள்வியில் ஏற்கெனவே ஒரு "ஓம்" விழுந்திருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

மற்றத் தாள்களோடு வைத்துப் பார்த்தால்

2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் ஏஏஎஸ், உண்மையில் வன்முறைக்கு உள்ளாகும் 100 பேரில் 93, 94 பேரைப் பிடித்தது. வன்முறை இல்லாதவர்களைச் சரியாக விலக்குவதில்தான் தடுமாற்றம்: ஆய்வுக்கு ஆய்வு 55 வீதம் முதல் 99 வீதம் வரை. அதாவது சில இடங்களில் தேவையில்லாத "ஓம்" நிறைய வரும். அது எங்களைப் பெரிதாக உறுத்தவில்லை. இன்னும் பத்து நிமிடம் பேசினால் தெளிந்துவிடும். தவறவிட்ட ஆளைத்தான் பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

ஹிட்ஸ் என்பது நான்கு வரி: நோகப்பண்ணுதல், அவமதித்தல், பயமுறுத்தல், கத்துதல். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 புள்ளி, கூட்டி 10ஐத் தாண்டினால் பாசிட்டிவ். சுருக்கம்; ஆனால் மூலத் தாளில் பாலியல் கேள்வி இல்லை, கர்ப்பமும் இல்லை. கூட்டல் கணக்கில் இன்னொரு அநியாயம்: அடிக்கடி அடித்து, கத்தாமல் பேசாமல் அமைதியாக இருக்கிற மனுசன் 10ஐத் தாண்டாமல் தப்பிவிடுவான். பிரித்தானியாவின் ஹார்க் இதைவிட நல்லது. அவமானப்படுத்தல், பயம், பலவந்தம், அடி என நான்கு. ஒன்றுக்கு "ஓம்" என்றாலே பாசிட்டிவ். 100க்கு 81 பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் 95 பேரைச் சரியாக விலக்கியது. நேரம் மிகக் குறைந்த கிளினிக்குக்கு ஹார்க் போதும், கர்ப்பத்தைப் பற்றிய கேள்வியை நீங்களே சேர்ப்பதாக இருந்தால்.

ஏஏஎஸ்ஸில் அறவே இல்லாதது கட்டுப்பாடு. அடியே இல்லை, ஆனால் போனை வாங்கி வைத்திருக்கிறார், அடையாள அட்டை மாமியின் அலுமாரிக்குள், தாய் வீட்டுக்குப் போக அனுமதி இல்லை, கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷ வாங்கக்கூட வெளியே விடுவதில்லை. இது இந்தத் தாளில் எங்கேயும் விழாது. மெல்பேர்னில் கர்ப்பிணிகளுக்கென உருவான ஆக்ட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. "கிளினிக்குக்கு வாறதுக்கு, காசு செலவழிக்கிறதுக்கு, அம்மாவோட கதைக்கிறதுக்கு ஆரிட்டையும் கேக்கவேணுமோ?" என்று ஒரு வரி சேருங்கள். எல்லாம் இன்னமும் ஒரே தாளுக்குள் அடங்கும்.

தாளைத் தாயின் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லலாமா? 1991இல் மெக்ஃபார்லேனின் குழுவே சோதித்தது: தானே நிரப்பிய படிவத்தில் 8 வீதமானோர் சொன்னார்கள், தாதி கேட்டபோது 29 வீதமானோர். மறுபக்கத்தில், 2006இல் கனடாவில் நடந்த பெரிய ஆய்வில் பெண்கள் முகத்துக்கு நேரே கேட்பதைவிடத் தாங்களே நிரப்புவதைத்தான் விரும்பினார்கள். மருத்துவமாதைத் தெரியாத பெரிய வைத்தியசாலைக்கு இரண்டாவது பொருந்தும். ஊர்க் கிளினிக்கில் கேட்பதே நல்லது. நிரப்பிய தாளோடு வாங்கில் காத்திருக்கும் தாயின் பக்கத்தில் ஆர் இருப்பார் என்று யோசியுங்கள்.

தாள் சரி, இடம் சரியில்லை

எந்தத் தாளையும் கெடுப்பது இடம்தான். கள கிளினிக் என்றால் பல இடங்களில் ஒரு மண்டபம், ஒரு திரை. திரை ஆளை மறைக்கும், குரலை மறைக்காது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட எவர் காதிலும் விழக்கூடாது என்பது விதி. மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் "அம்மா மிஸ்ஸிட்ட அழுதவ" என்று சொல்லிவிடும். கணவனை வெளியே நிற்கச் சொல்வதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கவேண்டும், அதுவும் எல்லாக் கணவன்மாருக்கும் பொதுவான காரணமாக: "வயிறு பாக்கிற நேரம் அம்மாமார் மட்டும்." சந்தேகப்பட்டவரை மட்டும் தனியே கூப்பிட்டால் முழுக் கிளினிக்குக்கும் விளங்கிவிடும். பிரித்தானியாவின் பல கர்ப்பகாலக் கிளினிக்குகளில் பெண்கள் கழிப்பறைச் சுவரில் ஓர் அறிவித்தல் இருக்கும்: தனியாகப் பேச விரும்பினால் சிறுநீர்ப் போத்தலில் இந்த நிறப் பொட்டை ஒட்டுங்கள். செலவு ஒரு தாள் ஸ்டிக்கர். சிறுநீர் பரிசோதிக்கும் எந்தக் கிளினிக்கும் நாளைக்கே தொடங்கலாம்.

வீட்டில் கேட்பது இன்னும் சிக்கல். மாமி தேத்தண்ணியோடு வந்து இருந்துவிட்டால் கேள்வி அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். நடுவில் ஆள் வந்தால் தாவிப் போக ஒரு கதை வேண்டும்: இரும்புச்சத்துக் குளிசை, கால் வீக்கம், எதுவானாலும். எது என்று தொடங்குமுன்பே தாயிடம் சொல்லிவைக்கவேண்டும். போனில் கேட்கவே வேண்டாம். மறுமுனையில் ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா என்று தெரிய வழியில்லை. தமிழ்த் தாயிடம் சிங்கள மருத்துவமாதோ, மறுவளமோ கேட்கும்போது மொழிபெயர்க்கக் கணவனையோ உறவினரையோ பிடித்துவைப்பது கேட்காமல் விடுவதைவிடக் கேடு. இன்னொரு சங்கடமும் உண்டு: மருத்துவமாது அதே ஊர்க்காரி, சில வேளை அடிக்கிறவனின் சொந்தக்காரி. தாய் வேறொருவரிடம் பேச விரும்பினால் அதைக் குறையாக எடுக்காமல் வழிவிடவேண்டும்.

கேட்குமுன் இரண்டு வசனம்: "இது எல்லா அம்மாமாரிட்டையும் கேக்கிற கேள்விதான். விருப்பமில்லாட்டிச் சொல்லத் தேவையில்லை." இரகசியம் எதுவரை என்பதையும் உண்மையாகச் சொல்லவேண்டும்; உயிருக்கு ஆபத்து என்றால் மேலதிகாரியிடம் பேசவேண்டிவரும் என்பதை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டறிவது துரோகம்.

பதிவு. கர்ப்பகாலப் பதிவேட்டின் 512 ஏ பிரதி தாயோடு வீட்டுக்குப் போகிறது. அதில் ஒரு எழுத்தும் எழுதக்கூடாது, சுருக்கக் குறிகூட. கணவன் வாசிப்பார், வாசிக்கத் தெரியாதவர் வாசிப்பித்து அறிவார். நிரப்பிய ஏஏஎஸ் தாளும் உடற்படமும் கிளினிக்கில் பூட்டிய அலுமாரியில் இருக்கவேண்டும். தொலைபேசி எண் அச்சிட்ட அட்டையைக் கொடுக்கும்போதும் அதேதான்: வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மகளிர் உதவி இலக்கமான 1938 நாலே எண். மனப்பாடம் செய்யவைத்தால் அட்டையே தேவையில்லை.

"ஓம்" என்ற பிறகு

இந்தப் பகுதி தாளில் இல்லை. இருந்திருக்கவேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, கர்ப்பகாலக் கிளினிக்குகளில் கேட்பதால் அடையாளம் காணும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்றது; வன்முறை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெண்களிடமும் எல்லா இடத்திலும் கேட்கும்படி சொல்லவில்லை. கர்ப்பகாலப் பராமரிப்பில் கேட்பதை மட்டும், பயிற்சியும் தனியிடமும் அனுப்பிவைக்க ஓர் இடமும் இருக்குமானால், ஊக்குவிக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் கர்ப்பிணிகள் எல்லாரிடமும் கேட்கலாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆளைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கேட்டால், படித்த வீட்டுப் பெண்ணைத் தவறவிட்டு ஏழை வீட்டுப் பெண்ணை மட்டும் குடைவதில்தான் முடியும். பயிற்சியால் பயன் உண்டா என்றால், கண்டி மாவட்ட மருத்துவமாதுகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வு, அடையாளம் காண்பதும் உதவுவதும் அதன் பின் கூடியதைக் காட்டியது.

"ஓம்" என்றதும் முதல் வேலை வாயை மூடிக்கொண்டு கேட்பது. பிறகு "இது உங்கட பிழை இல்லை." அதன் பிறகு ஆபத்துக் கேள்விகள் ஆறு. பிறகு "இண்டைக்கு வீட்ட போகலாமோ?" சொல்லக்கூடாதவை நம் வாயில் தயாராகவே இருக்கும்: பொறுத்துப் போங்கோ, பிள்ளை பிறந்தால் திருந்துவார், நீங்களும் வாய் காட்டினீங்களோ. அவற்றைவிட மோசமானது நல்லெண்ணத்தில் செய்வது, அதாவது கணவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது. மனைவி வெளியே சொல்லிவிட்டாள் என்பது அவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். மருத்துவமாது போன பிறகு அதற்கு விலை கொடுப்பது அவள். பிரிந்து வரச் சொல்லி நெருக்குவதும் வேண்டாம். பிரியும் காலம்தான் கொலை ஆபத்துக் கூடிய காலம். நாள் குறிப்பது அவளுடைய வேலை.

அனுப்ப இடம்: அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம், சிங்களத்தில் மிதுரு பியச. 2007இல் மாத்தறையில் தொடங்கியது. வைத்தியசாலைக்குள்ளேயே இருப்பதால் "ஸ்கானுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போக முடிவது இதன் பெரிய வசதி. அனுப்புமுன் அங்கே எந்த நாள், எந்த நேரம் ஆள் இருப்பார், தமிழ் பேசுகிறவர் உண்டா என்று அழைத்துக் கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை போகமாட்டார். சட்ட வழி வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் மனு. முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்குள் விசாரணை, அதன் பின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை. பெண்ணின் சார்பில் பொலிஸாரும் மனுச் செய்யலாம். இது சிறைக்கு அனுப்பும் வழக்கல்ல, கிட்ட வராதே என்ற கட்டளை என்பதை விளக்கினால் தயக்கம் பாதி குறையும்.

"இல்லை" என்றால் "இல்லை" தான். முகத்தில் தழும்பு தெரிந்தாலும் குறுக்கு விசாரணை வேண்டாம். மும்மாதத்துக்கு ஒரு தடவையும் பிள்ளை பிறந்த பின் ஒரு தடவையும் திரும்பக் கேட்கவேண்டும். முதல் தடவை "இல்லை" என்றவர்கள் கேட்கிறவரை எடைபோட்டுவிட்டு மூன்றாம் தடவை சொல்வது சாதாரணம்.

அச்சடிக்கப் போகிறவர்களுக்கு: உடற்படத்தை அரைப் பக்கத்துக்குக் குறையாமல் வையுங்கள், கழுத்தும் மார்பும் தனித்துக் குறிக்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும். தலைப்பில் வன்முறை என்ற சொல்லே வேண்டாம், "தாய் நலக் கேள்விகள்" போதும். மூன்றாம் கேள்வியின் கீழே "பிள்ளை பிறந்த பிறகு" என்று இன்னொரு வரியும் கட்டமும் விடுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாளுக்குள் வீட்டுக்குப் போகும்போது வேறு தாள் தேடத் தேவையிருக்காது.